அகலமான சக்கரம் பொருத்திய பின் டயர் உரசுகிறது: தகட்டை மடக்குவதா, டயரை மாற்றுவதா?

கேள்வி

என்னுடையது முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய செடான் கார். அதனுடன் வந்தவை 6 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்புறமாக இருக்கிறது என்ற அளவு) உள்ள 15 அங்குல ரிம்கள். அவற்றின் மேல் 195/65 ஆர்15 டயர்கள் (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, ரிம் 15 அங்குலம்) இருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு, 7.5 அங்குல அகலமும் 35 ஆஃப்செட்டும் உள்ள 17 அங்குல அலாய் வீல்களையும் 225/50 ஆர்17 டயர்களையும் பொருத்தியிருக்கிறேன். சஸ்பென்ஷனில் எந்த மாற்றமும் செய்யவில்லை. காரின் உயரத்தையும் குறைக்கவில்லை.

நேர்ச்சாலையில் தனியாக ஓட்டும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. ஆனால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதுமாக ஒடித்து வண்டியைத் திருப்பும்போது, முன்சக்கரத்தின் பின்பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் தேயும் ஓசை வருகிறது. பின்னிருக்கையில் மூவர் அமர்ந்திருக்க, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது, பின்சக்கரத்துக்கு மேலிருந்து கரகரவென்று தகடு உரசும் ஓசை எழுகிறது.

பொருத்தித் தந்த கடையில் கேட்டபோது, முன்பக்கம் 5 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் போதும் என்றும், பின்பக்க ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு இடையே ரப்பர் கட்டைகளைச் செருகினால் வண்டி அமுங்காது என்றும் கூறினார்கள். வேறொருவர் ஃபெண்டரின் (சக்கரத்துக்கு மேலுள்ள வெளித்தகட்டின்) உள்மடிப்பையே வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார். மூன்றும் எனக்கு ஐயமாகவே இருப்பதால், எதையும் செய்வதற்கு முன் இங்கே கேட்கிறேன். எதிலிருந்து தொடங்குவது நல்லது?

பதில் 1

எதையும் வாங்குவதற்கும் வெட்டுவதற்கும் முன்பாக, டயர் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ரிம்மின் விளிம்பை வைத்துக் கணக்கிட்டால், உங்கள் புதிய சக்கரம் வெளிப்புறமாக 29 மி.மீ., உட்புறமாக 9 மி.மீ. என்று வரும். ஆனால் உரசுவது ரிம் அல்ல, டயரின் பக்கச்சுவரும், அது தரையில் படும் பகுதியோடு சேரும் விளிம்பான தோள்பட்டையும்தான். பழைய டயரின் அகலத்தில் பாதி 97.5 மி.மீ.; அதிலிருந்து 45 ஆஃப்செட்டைக் கழித்தால், ஹப்பின் (சக்கரம் பொருத்தப்படும் நடுப்பகுதியின்) முகத்திலிருந்து 52.5 மி.மீ. வெளியே நின்றது. புதியதில் பாதி அகலம் 112.5 மி.மீ.; 35 ஐக் கழித்தால் 77.5 மி.மீ. ஆக, வெளிப்புறம் 25 மி.மீ. தள்ளி வந்திருக்கிறது. அதே முறையில் உட்புறத்துக்குக் கூட்டிப் பார்த்தால், வேறுபாடு வெறும் 5 மி.மீ.தான். உங்கள் சிக்கல் வெளிப்புறத்தில் இருக்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. ஸ்பேசர் என்பது சக்கரத்தை மேலும் வெளியே தள்ளும் பொருள். டயர் உட்புறத்தில் ஷாக் அப்சார்பரிலோ ஸ்பிரிங் தட்டிலோ உரசும்போது மட்டுமே அதற்கு வேலை உண்டு. உங்கள் காரில் முன்பக்கம் அதை வைத்தால் அங்கே உரசல் கூடவே செய்யும்.

இனி உயரம். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 195/65 ஆர்15 டயரின் விட்டம் 634.5 மி.மீ.; நீங்கள் போட்டிருக்கும் 225/50 ஆர்17 டயரின் விட்டம் 656.8 மி.மீ. விட்டத்தில் 22 மி.மீ. என்றால், ஆரத்தில் 11 மி.மீ. கூடியிருக்கிறது. ஹப்பிலிருந்து பார்த்தால் டயர் மேலேயும் முன்னேயும் பின்னேயும் அந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இதே ரிம்மில் 225/45 ஆர்17 போட்டிருந்தால் விட்டம் 634.3 மி.மீ.; பழைய டயருக்கும் அதற்கும் வேறுபாடே இல்லை எனலாம். டயரின் மொத்த உயரம் 3.5 விழுக்காடு கூடியதால், ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிடக் குறைவாகவே காட்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள்; முள் 100 ஐக் காட்டும்போது கார் முன்பைவிட 3.5 கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

முன்பக்க உரசலுக்கு வருவோம். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சக்கரம் தன் நடுப்புள்ளியில் சுழல்வதில்லை. அதற்கு உட்புறமாக இருக்கும் ஸ்டியரிங் அச்சைச் சுற்றி ஒரு வளைவில் நகர்கிறது. இடப்பக்கம் ஒடித்தால் இடது சக்கரம் பின்னோக்கியும் வலது சக்கரம் முன்னோக்கியும் செல்லும். சக்கரம் அந்த அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அவ்வளவு பெரிய வளைவு. முழுவதும் ஒடிக்கும்போது சக்கரம் 35 பாகை திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், வெளிப்புறத் தோள்பட்டை தள்ளி வந்த 25 மி.மீ. காரணமாகப் பின்னால் 14 மி.மீ., கூடிய ஆரத்தால் 9 மி.மீ., ஆக 23 மி.மீ. அளவுக்கு லைனரை (ஃபெண்டருக்கு உட்புறமுள்ள பிளாஸ்டிக் உறையை) நெருங்குகிறது. டயருக்கும் லைனருக்கும் இடையே நிறுவனங்கள் விடும் இடைவெளி இவ்வளவு நெருக்கத்தைத் தாங்குவது அரிது. 225/45 டயரென்றால் அந்த 9 மி.மீ. முழுவதும் திரும்பக் கிடைத்துவிடும்.

ஆகவே என் கருத்தில் உங்கள் காரில் அகலத்தைவிட உயரமே பெரிய குற்றவாளி. சக்கரம் எங்கே, எந்த நிலையில், டயரின் எந்தப் பகுதியில் உரசுகிறது என்பதை அளந்து எழுதுங்கள். அதற்குப் பிறகு தகட்டைப் பற்றிப் பேசலாம்.

பதில் 2

உயரத்தைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பின்பக்கத்துக்கு டயர் மாற்றம் மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆரம் 11 மி.மீ. குறைந்தாலும், டயர் இன்னமும் 25 மி.மீ. வெளியேதான் நிற்கும். சுமை ஏறிப் பின்பக்கம் முழுவதும் அமுங்கும்போது, ஃபெண்டரின் உள்மடிப்பு அதே தோள்பட்டையைத்தான் சந்திக்கப் போகிறது. சற்றுத் தாமதமாகச் சந்திக்கும், அவ்வளவுதான். அதனால் உள்மடிப்பை மேல்நோக்கி மடக்கிவிடுவது நேரான வழி.

இதற்கென்று ஹப்பில் சக்கரத்துக்குப் பதிலாகப் பொருத்தும் உருளைக் கருவி இருக்கிறது. நீண்ட கையின் நுனியிலுள்ள உருளை, உள்மடிப்பை முன்னும் பின்னுமாக அழுத்தி உருட்டிக்கொண்டே செல்லும். வேலையின் நுட்பம் முழுவதும் சூட்டில் இருக்கிறது. ஹீட் கன் கொண்டு பெயின்ட்டைச் சுமார் 60 பாகை செல்சியசுக்குக் கொண்டுவந்து, அந்தச் சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே மடக்க வேண்டும். குளிர்ந்த பெயின்ட் எளிதில் வெடிக்கும். பழைய விபத்தில் பட்டி பூசி மறுபடியும் பெயின்ட் அடிக்கப்பட்ட ஃபெண்டராக இருந்தால், எவ்வளவு சூடேற்றினாலும் வெடிப்பு வரும் என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள். டயருக்கும் ஃபெண்டருக்கும் இடையே ஒரு தடியைச் செருகி வண்டியை உருட்டுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதில் வெளித்தகடு அலையலையாக நெளிந்துவிடும்.

உள்மடிப்பை வெட்டி எடுக்கச் சொன்னவரின் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். பின்பக்கத்தில் வெளித்தகடும் உட்புறச் சக்கரக்கூடும் அந்த மடிப்பில்தான் ஸ்பாட் வெல்டிங்கால் ஒன்றுசேர்கின்றன. வெட்டினால் இணைப்பு திறந்துகொள்ளும். சக்கரம் வாரியடிக்கும் நீர் இரு தகடுகளுக்கும் நடுவே புகுந்து, வெளியே தெரியாமலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். மடக்கினாலும்கூட மடிப்பிலுள்ள சீலன்ட் விரிசல் விடக்கூடும் என்பதால், வேலை முடிந்ததும் உட்புறத்தில் புதிய சீலன்ட்டும் துருத்தடுப்புப் பூச்சும் அடித்துவிடுவது கட்டாயம். முன்பக்க ஃபெண்டர் தனித் தகடாக இருப்பதால் அங்கே இந்த அச்சம் குறைவு. ஆனால் சில கார்களில் முன் ஃபெண்டரே பிளாஸ்டிக்கால் ஆனது, அதை மடக்க முடியாது.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. சக்கரங்களைக் கழற்றிப் பார்த்ததில் கிடைத்தவற்றை எழுதுகிறேன்.

முன்பக்கம் இரு லைனர்களிலும், சக்கரத்துக்குப் பின்னால், கீழ்ப்பாதியில் பளபளப்பான தேய்மானம் இருக்கிறது; அங்கே லைனரை அழுத்தினால் அதன் பின்னால் கடினமான தகட்டு விளிம்பு ஒன்று தட்டுப்படுகிறது. உட்புறத்தில் டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் இடையே 14 மி.மீ. இடைவெளி உள்ளது, பிரேக் ஹோஸ் எதன்மேலும் படவில்லை.

பின்பக்கத்தில் ஒரு வியப்பு. வலப்பக்கம் மட்டுமே உரசியிருக்கிறது. இடப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வலது ஃபெண்டரின் உள்மடிப்பில், பின் பம்பர் வந்து சேரும் இடத்தை ஒட்டி, ஒரு கையகல நீளத்துக்குப் பெயின்ட் போயிருக்கிறது. டயரில் தோள்பட்டையின் மேல் மெல்லிய கோடு விழுந்துள்ளது; நூலிழைகள் எதுவும் தெரியவில்லை. சமதரையில் நிறுத்தி, ஃபெண்டரிலிருந்து குண்டு நூல் தொங்கவிட்டு அளந்தபோது, வலப்பக்கம் டயர் உள்மடிப்பின் விளிம்பைத் தாண்டி 4 மி.மீ. வெளியே நிற்கிறது, இடப்பக்கம் 3 மி.மீ. உள்ளே நிற்கிறது. பின்பக்கம் டார்ஷன் பீம் வகை அச்சு (இரு பின்சக்கரங்களையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கும் வகை).

45 ஆஃப்செட் உள்ள ரிம்களாக மாற்றிக்கொண்டால் எல்லாம் ஒரேயடியாகத் தீர்ந்துவிடுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 3

இரு பக்கத்துக்கும் 7 மி.மீ. வேறுபாடு என்றால், உடற்கூட்டோடு ஒப்பிடும்போது பின் அச்சு 3.5 மி.மீ. வலப்பக்கம் தள்ளி நிற்கிறது என்று பொருள். டார்ஷன் பீம் அச்சு இரண்டே புஷ்களில் (ரப்பர் இணைப்புகளில்) உடற்கூட்டோடு இணைந்திருப்பதால், தயாரிப்பின்போதே இந்த அளவு விலகல் வருவது அரிதன்று. குறுகிய டயர் இருந்தவரை அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் புஷ்கள் தளர்ந்திருந்தாலும் அச்சு பக்கவாட்டில் ஆடும். அதை முதலில் பார்த்துவிடுங்கள். புஷ் நன்றாக இருந்தால், இணைப்புத் தாங்கிகளின் போல்ட்டுகளைத் தளர்த்தி, துளைகளில் இருக்கும் இடத்துக்குள் அச்சை நடுவே கொண்டுவர முடிகிறதா என்று அலைன்மென்ட் செய்பவர் பார்த்துச் சொல்வார். எல்லாக் கார்களிலும் அதற்கு இடம் இருப்பதில்லை. கேம்பரை மாற்றி டயரின் மேற்பகுதியை உள்ளே சாய்ப்பது இந்த வகை அச்சில் சரிவுத் தகடு வைத்தால்தான் முடியும். 1 பாகைக்கு மேற்புறத்தில் 5 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும், விலையாக டயரின் உள்விளிம்பு விரைவில் தேயும்.

முதல் பதிலில் உள்ள கணக்கில் ஒரு திருத்தம். டயரின் மேல் எழுதியிருக்கும் அகலம், அந்த அளவுக்கென்று வகுக்கப்பட்ட அளவீட்டு ரிம்மில் எடுத்தது. ரிம் அரை அங்குலம் அகலமானால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும். 225/50 ஆர்17 டயருக்கு அளவீட்டு ரிம் 7 அங்குலம், உங்களுடையது 7.5 என்பதால் அது உண்மையில் 230 மி.மீ. அளவுக்கு விரிந்திருக்கும். 225/45 ஆர்17 டயருக்கு அளவீட்டு ரிம்மே 7.5 அங்குலம். எனவே அந்த டயருக்கு மாறும்போது, ஆரத்தில் 11 மி.மீ. குறைவதோடு, ஒவ்வொரு பக்கமும் 2.5 மி.மீ. அகலமும் குறையும். வலப்பக்கத்தின் 4 மி.மீ. 1.5 ஆகிவிடும், அச்சை நடுவே கொண்டுவர முடிந்தால் இரு பக்கமுமே விளிம்புக்கு உள்ளே சென்றுவிடும்.

45 ஆஃப்செட் பற்றிய கேள்விக்கு விடை உங்கள் அளவிலேயே இருக்கிறது. ரிம் 10 மி.மீ. உள்ளே செல்லும்போது, ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் இடையே உள்ள 14 மி.மீ., 4 ஆகச் சுருங்கும். குறுகலான டயர் போட்டால் 6.5 வரை வரலாம். ஓடும்போது டயர் வளையும் என்பதால் 5 மி.மீ.க்குக் கீழே நான் இறங்க மாட்டேன். 40 ஆஃப்செட் கிடைத்திருந்தால் நல்ல நடுநிலையாக இருந்திருக்கும். ஆனால் இதற்காகவே நல்ல ரிம்களை விற்றுவிட்டு வேறு வாங்கும் அளவுக்கு உங்கள் நிலைமை மோசமில்லை. ரிம்மின் ஹப் முகத்தைக் கடைந்து ஆஃப்செட்டைக் கூட்டித் தருவதாக யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சக்கரத்தின் வலிமை முழுவதும் அந்த முகத்தில்தான் நிற்கிறது.

பதில் 2 எழுதியவர், மீண்டும்

அச்சு ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது என்பது தெரிந்தபின், உருளைக் கருவியை உடனே எடுக்கச் சொல்ல எனக்கும் மனமில்லை. முதலில் டயரும் அச்சும் சரியாகட்டும். ஆனால் உரசிய இடம் பம்பர் சேரும் மூலை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் பம்பரைப் பிடிக்கும் ஒரு நாக்கும் அதன் ஸ்க்ரூவும் உள்மடிப்பைவிடக் கீழே நீட்டிக்கொண்டிருப்பது வழக்கம். பல கார்களில் உரசுவது தகடே அல்ல, அந்த ஸ்க்ரூவின் தலை. அதைத் தட்டையான தலை உள்ளதாக மாற்றுவதும், நாக்கைச் சூடேற்றி மேல்நோக்கி வளைப்பதும் எளிய வேலை. தகட்டில் கை வைக்காமலேயே முடிந்துவிடும்.

முன் லைனருக்குப் பின்னால் தட்டுப்பட்டது, தரைத்தகடும் பக்கத்தகடும் சேரும் இணைப்பு விளிம்பு. அது தடிப்பாக முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். லைனரைக் கழற்றி, அந்த விளிம்பைச் சுத்தியலால் பின்னோக்கித் தட்டிச் சாய்த்து, தகடு தெரியும் இடங்களில் பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, பிறகு லைனரை ஹீட் கன்னால் மென்மையாக்கிப் பின்னே அழுத்திப் பொருத்தலாம். லைனரில் ஓட்டை போடாதீர்கள். சேறும் நீரும் உள்ளே சென்று மின்கம்பி இணைப்புகளில் படியும்.

கேட்டவரின் மறுமொழி

ஸ்க்ரூவைப் பார்த்தேன். அதன் தலை தேய்ந்து பளபளப்பாகவே இருக்கிறது. அதை மாற்றிவிட்டு, டயர்களையும் 225/45 ஆக மாற்ற முடிவு செய்திருக்கிறேன். இருக்கும் டயர்கள் அதிகம் ஓடாதவை என்பதால் மாற்றித் தர ஒரு கடை இசைந்திருக்கிறது. மெல்லிய பக்கச்சுவர் உள்ள டயர் சுமையைத் தாங்குமா என்பதும், ரப்பர் கட்டைகளைப் பற்றிய உங்கள் கருத்தும்தான் மீதமுள்ள ஐயங்கள்.

பதில் 1 எழுதியவர், மீண்டும்

சுமைத் திறனைச் சுமைக் குறியீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 195/65 ஆர்15 டயர்களில் வழக்கமாகக் காணப்படும் குறியீடு 91. ஒரு டயருக்கு 615 கிலோ. 225/45 ஆர்17 டயர்களும் 91 குறியீட்டில் கிடைக்கின்றன. உங்கள் பழைய டயரில் இருந்த எண்ணுக்குக் குறையாத எண் உள்ளதை வாங்கினால் போதும். காற்றழுத்தத்தைச் சரியாக வைத்திருங்கள். பக்கச்சுவர் 126.75 மி.மீ. உயரத்திலிருந்து 101 மி.மீ. ஆகக் குறைவதால், குழிகளில் ரிம் அடிபடும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. 17 அங்குல ரிம்முக்கு மாறியபோதே அந்த விலையை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள்.

ரப்பர் கட்டைகள் வேண்டாம். அவை செருகப்பட்ட சுருள் அசையாமல் போவதால், மீதமுள்ள சுருள்கள் மட்டுமே முழு அசைவையும் ஏற்க வேண்டியிருக்கும். ஸ்பிரிங் ஒரே இடத்தில் களைத்துப்போகும், பயணமும் கடினமாகும். பின்பக்கம் உண்மையிலேயே தாழ்ந்திருப்பதாகத் தோன்றினால், ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் வரை உள்ள உயரத்தை அளந்து, அந்தக் காருக்கான உரிய அளவோடு ஒப்பிடுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதை மாற்றுவதே முறை.

புதிய டயர்கள் வந்தபின், ஓசையை நம்பாமல் சோதித்துவிடுங்கள். உள்மடிப்பிலும் லைனரிலும் களிமண் உருண்டைகளை ஒட்டி, டயரின் தோள்பட்டையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, பின்னிருக்கையில் ஆள்களையும் டிக்கியில் பொருள்களையும் ஏற்றிக்கொண்டு, ஒரு முன்சக்கரமும் அதற்கு மூலைவிட்டமாக உள்ள பின்சக்கரமும் உறுதியான பலகைகளின் மேல் ஏறி நிற்கும்படி வண்டியை மெல்ல ஓட்டுங்கள். மேலேறிய சக்கரங்களின் சஸ்பென்ஷன் நன்றாக அமுங்கிய அந்த நிலையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்துப் பாருங்கள். பிறகு மறு மூலைவிட்டத்துக்கும் அவ்வாறே செய்யுங்கள். களிமண் நசுங்கிய தடிப்பே உங்களுக்கு மீதமிருக்கும் இடைவெளி. பின்பக்கம் களிமண் முற்றிலும் நசுங்கித் தகடு தெரிந்தால் மட்டும் உள்மடிப்பை மடக்கும் வேலைக்குச் செல்லுங்கள். அதுவும் நசுங்கிய பக்கத்தில் போதும்.

அதுவரை மூவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு செல்வதைத் தவிருங்கள். தோள்பட்டையில் விழும் கோடு பொறுக்கத்தக்கது. உரசல் பக்கச்சுவருக்கு இறங்கி நூலிழை தெரிந்துவிட்டால் அந்த டயரைப் பழுதுபார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். சக்கரங்களைக் கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு முறையும், 100 கி.மீ. ஓடியபின் நட்டுகளின் முறுக்கத்தை டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். அலாய் வீல்களில் அவை சற்றுத் தளர்வது வழக்கம்.